பூசணிக்காய்க்குப் பிறகு ஒரு ஷாட்

முதல் குற்றம், பூசணிக்காய் உடைத்த பிறகு ஷாட் எடுத்தது. இரண்டாவது, எடுத்த ஷாட்டை வெட்டி எறியாமல் படத்தில் வைத்தது. மூன்றாவது, செத்தவள் எங்கள் ஆள் இல்லை, வேலி தாண்டி வேடிக்கை பார்க்க வந்த யாரோ ஒரு பெண் என்று போலீசில் எழுதிக் கொடுத்தது. நான்காவது, அந்தப் பொய்க்குத் துணையாக எங்கள் சங்கமே சந்திரமதியைக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட வைத்தது. ஐந்தாவது, ஸ்டுடியோ கேட்டில் நின்று நியாயம் கேட்ட எங்களை லாரியில் வந்து இறங்கி அடித்தது. என் வலது தோள் எலும்பு அன்றைக்கு உடைந்தது, கோணலாக ஒட்டிக்கொண்டது, அன்றிலிருந்து கோஷம் போடுவதெல்லாம் இடது கையால்தான். ஆறாவது, வெள்ளிவிழா, மேடை போட்டு எல்லோருக்கும் கேடயம் கொடுத்தார்கள், கிணற்றுக்குப் பாசி மாதிரி வர்ணம் அடித்தவனுக்குக்கூடக் கொடுத்தார்கள். ஏழாவது, படத்தை டெலிவிஷனுக்கு விற்று, அமாவாசைக்கு அமாவாசை அவளை ஊரார் வீட்டுக் கூடத்தில் விழவைத்தது. எட்டாவது, இது. வரிசை மாறக்கூடாது. வக்கீல்கள் வரிசையை மாற்றித்தான் எங்களைத் தோற்கடித்தார்கள். தோள் எலும்பிலிருந்து ஆரம்பித்தார்கள், கல் எறிந்தவன் யார் என்று கேட்டார்கள், பூசணிக்காய்க்கு வந்து சேரவே இல்லை. ஆகவே நான் தினமும் காலையில் பல் தேய்க்கும்போது வரிசையாகச் சொல்லிக்கொள்வேன், இப்போது இந்தத் தியேட்டர் வாசலில் வெயிலில் நின்றுகொண்டும் சொல்கிறேன், எட்டாவதுக்கு வந்ததும் நாக்கு நின்றுவிடுகிறது, ஏனென்றால் எட்டாவது இன்னும் முடியவில்லை, உள்ளே ஓடப்போகிறது, காலைக் காட்சி, வெள்ளிக்கிழமை, 'வன்னிமரத்து வீடு', அதே கதையை மறுபடி எடுத்த புதியது. கட்அவுட்டில் புதிய நாயகி மண்டை பிளந்து நிற்கிறாள். பிளவுக்குள் சின்ன சின்ன பல்புகள் வைத்து எரியவிட்டிருக்கிறார்கள். கீழே எழுதியிருக்கிறது: இந்த முறை கேமரா கண்ணை மூடாது.

"யோவ் லைட்டு, வாய்க்குள்ளயே இன்னா முணுமுணுக்கிற? மந்திரமா?" பக்கத்தில் நிற்கும் சந்திரமதிதான் கேட்கிறாள். லைட்டு என்றால் நான். வடமலை என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது போலீஸ் ஸ்டேஷன்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஸ்டுடியோவில் லைட்மேனாகப் பரண்மேல் நின்றவன், சங்கம் என்னைத் தூக்கி எறிந்த பிறகும் இவளுக்கு மட்டும் லைட்டுதான். "கணக்கு பாக்கிறேன்" என்றேன். "யாருக்கு, எமனுக்கா? அந்தாளு சரியாத்தான் வச்சிருப்பான், நீ கம்னு இரு." இப்படித்தான் பேசுவாள். நாயகிகளுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழுந்தவள், மாடியிலிருந்து குதித்தவள், சங்க அட்டை வைத்திருந்த டூப். அட்டை இல்லாதவர்கள் அட்டை இருப்பவளின் அட்டையை வாங்கிக்கொண்டு அவள் பெயரில் போய் வேலை செய்துவிட்டு வருவது அப்போது எல்லோரும் செய்தது, தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், மாட்டினால் ஆயுளுக்கும் சங்கத்தில் இடமில்லை. சந்திரமதி அன்றைக்கு நிறைமாதம். அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள் அட்டையை வாங்கிக்கொண்டு போனாள். போனவள் பெயரை நான் இப்போது மனதுக்குள்கூடச் சொல்லமாட்டேன். எத்தனையோ துண்டறிக்கையில் அடித்த பெயர் அது. மெரினாவில் ஒருநாள் சுண்டல் வாங்கிப் பிரித்தால் என் துண்டறிக்கை, கடலைக்கு அடியில் எண்ணெய் ஊறி அவள் பெயர். அன்றைக்குத் தீர்மானித்தேன், இனிமேல் இது காகிதத்துக்கான பெயரில்லை, எந்தத் திரையில் அவளைக் கொன்று காட்டினார்களோ அதே திரையில் வரட்டும், அதுவரை சொல்வதில்லை. சந்திரமதி பிள்ளை பெற்ற கையோடு, ரத்தம்கூட நிற்காத நிலையில், ஸ்டேஷனுக்குப் போய், "அன்னைக்கு வேலை செஞ்சது நான்தாங்க, முடிச்சிட்டு நேரத்தோட வூட்டுக்குப் போயிட்டேன்" என்று கையெழுத்துப் போட்டாள். அதோடு முடிந்தது. செத்தவள் யாரோ ஆனாள். அதற்கு இவளை நான் மன்னித்தேனா என்றால் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் இவள் என் வீட்டுக்கு வருவாள், இரண்டு பேரும் டீ குடிப்போம், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள். இன்றைக்கு நான் கூப்பிட்டேன். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றேன். "சாட்சியா? என்னைப் பாத்தா சாட்சி மாதிரியா இருக்குது?" என்று கேட்டவள், வந்துவிட்டாள், நல்ல சேலை கட்டி.

கூட்டம் கத்துகிறது. கட்அவுட் தலையில் பால் ஊற்றுவார்கள், இது பேய்ப் படம் என்பதால் பாலில் சிவப்புச் சாயம் கலந்து குடம் குடமாக ஊற்றுகிறார்கள். அது போதவில்லை என்று ஒரு கிடாயை இழுத்துவந்து கட்அவுட் காலடியில் வெட்டினார்கள். ஒரே வெட்டு. கிடாய் உடம்பு தலையில்லாமல் இரண்டடி நடந்தது, நடந்துபோய்ப் பைக் ஒன்றில் மோதி மடிந்தது, கூட்டம் விசிலடித்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணை எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை என்பதைவிட எடுக்கக் கூடாது என்று இருந்தது. ரத்தம் தார் ரோட்டில் ஓடிச் சீக்கிரமே கறுத்துவிட்டது. செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவன் சொல்கிறான், "மச்சி, வீடியோல சாணி மாதிரி தெரியுதுடா, செவப்பாவே இல்ல." உடனே ஒருவன் சாயப்பால் குடத்தை எடுத்துவந்து கிடாயின் ரத்தத்தின்மேல் ஊற்றினான். இப்போது சரியாகத் தெரிகிறதாம். நிஜ ரத்தத்தின்மேல் பொய் ரத்தம், அப்போதுதான் ரத்தம் மாதிரி இருக்கிறது. இதைவிட நான் என்ன எழுதிவிடப் போகிறேன், முதலாளித்துவக் கலையைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேனே ஒரு காலத்தில், இரண்டு குடத்தில் முடித்துவிட்டான். அவன் கழுத்தைப் பிடித்து அந்தத் தாரில் முகத்தைத் தேய்க்க வேண்டும் என்று என் இடது கை துடிக்கிறது. கையைப் பைக்குள் விட்டுக்கொள்கிறேன். பைக்குள் துண்டறிக்கைச் சுருள், சுருளுக்குள் கத்தி. செட்டில் கேன்வாஸ் கிழிக்கும் கத்தி, வளைந்த மூக்கு. வாசலில் தடவிப் பார்க்கும் செக்யூரிட்டி சந்திரமதியின் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டான், என் சுருளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா தாத்தா, நோட்டீஸா? உள்ள குடுக்கக் கூடாது" என்று சொல்லி விட்டுவிட்டான். அவள் பெயர் திரையில் வராவிட்டால் திரையை மேலிருந்து கீழாகக் கிழிப்பேன். என் கைக்கு மேலே எட்டாது. எட்டுகிற இடத்திலிருந்து கீழாக. முதலில் அந்தத் திரை, பிறகு யார் குறுக்கே வருகிறார்களோ அவர்கள். ஜெயில் எனக்குப் புதிதல்ல, ஜெயிலில்தான் நான் நிறையப் படித்தேன், மெலிந்த மலிவுப் பதிப்புகள், அட்டை கிழிந்தவை, அவற்றில் எழுதியிருந்தது: வரலாறு பெயரில்லாதவர்களால் ஆனது. அதை எழுதியவன் பெயர் அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது.

உள்ளே போகும் வழியில் அந்தப் பிரதீபன் நின்றான். உதவி இயக்குநர், முப்பது வயது இருக்கும், கறுப்புச் சட்டை, மரியாதையான பிள்ளை. இவர்கள் இயக்குநர் ஏதோ பேட்டியில், "பழைய படத்தில் அந்தக் கிணற்று ஷாட்டில் நிஜமாகவே ஒரு பெண் இறந்தாராம், அந்த நிஜம்தான் இந்தப் படத்தின் ஆன்மா" என்று சொன்னான்; நான் அவன் ஆபீஸ் வாசலில் கோஷ அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்; அதன்பிறகு இந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லாம் கேட்டு, பழைய துண்டறிக்கையைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு போனான். படம் தொடங்குமுன் திரையில் நினைவு அட்டை போடுகிறோம் என்றான். இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், போட்டுட்டோம் சார். சவுண்ட் எல்லாம் கட் பண்ணிட்டு, பிளாக்ல, வெறும் பேரு மட்டும். நீங்க பாருங்க" என்றான். "சந்தோஷம் தம்பி" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் வந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ, செருப்பு மாற்றிப் போட்ட மாதிரி இருந்தது. "சங்கத்துலயும் போய் வெரிஃபை பண்ணித்தான் சார் போட்டிருக்கோம், நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது பாருங்க" என்று சொல்லிவிட்டு யாரோ கூப்பிட ஓடிவிட்டான். வெரிஃபை. நாற்காலியைத் தேடி நடக்கும்போது அந்தச் சொல் காலில் முள்ளாக ஏறிவிட்டது. நான் சொன்னதை எதற்குச் சரிபார்க்க வேண்டும்? சங்கத்தில் எதை வைத்துச் சரிபார்ப்பார்கள், அங்கே அவள் இல்லவே இல்லையே. அங்கே இருக்கும் ஏடுகளில் நான்கூட இல்லை, என் பெயர்மேல் ஒரு கோடு இருக்கிறது. சரி, யாராவது வயதான ஆளிடம் கேட்டிருப்பார்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள்? விடு. போட்டுவிட்டோம் என்றானே.

நாற்காலிகள் புதிது, வாசனையும் புதிது, ரோஜா வாசனை அடிக்கிற ஏதோ தெளிக்கிறார்கள், எனக்கு அந்த ரோஜாவுக்கு அடியில் வைக்கோல் மணக்கிறது. அன்றைக்கு மதியத்துக்கு மேல் ஈர வைக்கோல் வாசனை தளம் முழுக்க இருந்தது. மாடிவீடு செட், நடுவில் கிணறு. சுவர் பிளைவுட், ஆனால் உள்ளே நிஜமாகவே ஆழமாகத் தோண்டி, தண்ணீர் விடுவதற்காக அடியில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பேயாக வரும் நாயகி மாடியிலிருந்து கிணற்றுக்குள் விழவேண்டும். கிணற்றுக்குள் அட்டைப்பெட்டி அடுக்கி, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் மெத்தை. இரண்டு தடவை விழுந்தாள், இரண்டும் ஓகே. கைதட்டினார்கள். படத்தின் கடைசி ஷாட் அது, ஆகவே பூசணிக்காய் வந்தது, குங்குமம் கரைத்துக் கற்பூரம் ஏற்றிச் சுற்றிப் போட்டு உடைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தால் முடிந்தது. இது எழுதிவைத்த சட்டம் இல்லை, எழுதிவைத்த எந்தச் சட்டத்தையும்விடப் பெரிது. உடைத்த பிறகு கேமரா ஓடாது, லைட் எரியாது, ஆளாளுக்கு அவரவர் சாமானைக் கட்டுவார்கள். தாவூத் செட் ஆள், கிணற்றுக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு, அது வழியாக உள்ளே போய் மெத்தையை உருவி, பெட்டிகளைக் கலைத்து, வைக்கோலை வாரி வெளியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். தப்பே செய்யவில்லை. மற்ற எல்லோரும் தப்பு செய்தார்கள், அவன் ஒருவன்தான் வழக்கப்படி நடந்தான், சாயங்காலம் கம்பெனி ஆட்கள் அவனைத்தான் அடித்தார்கள், ரீல் டப்பாவால் வாயிலேயே அடித்தார்கள், முன்பல் சிதறிக் குங்குமத்தில் கிடந்தது, அவன் சாகும்வரை பிசைந்த சோறுதான் தின்றான். இயக்குநருக்கு என்ன தோன்றிற்றோ, "இன்னொண்ணு எடுத்துடலாம், விழும்போது கைய விரிச்சா நல்லாருக்கும்" என்றார். அவள் மேலேதான் நின்றிருந்தாள், ஜடையைப் பிரித்துக்கொண்டு. "பூசணிக்கா ஒடச்சிட்டீங்களே சார்" என்று சிரித்தாள். "அதெல்லாம் பாத்தா பொழைக்க முடியுமா?" என்றார் அவர். "ரெடியா?" என்று யாரோ கேட்டார்கள், "ரெடி" என்று யாரோ சொன்னார்கள். அந்த ரெடியைச் சொன்ன வாய் எது என்று நான் பல வருஷம் தேடினேன். கேமராவுக்கு ரெடியா, லைட்டுக்கு ரெடியா, எதற்கு ரெடி என்று சொன்னான்? கிடைத்திருந்தால் அந்த வாயைக் கிழித்திருப்பேன். கிடைக்கவில்லை, அது ஒரு தனி வாயே இல்லை என்று பிற்பாடு தோன்றிற்று, தளம் முழுக்க ஒரே வாயாக ரெடி என்றது.

கையை விரித்தாள். அழகாக விரித்தாள் என்று வெள்ளிவிழாவில் ஒருவன் மேடையில் சொன்னான். பழைய படத்தில் அவள் விழ விழக் கேமரா மேலே நிற்கும், கிணற்று விளிம்பு, இருட்டு, பிறகு சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் தமிழ்நாடு பயந்தது. ஒலிப்பதிவுக்காரர் அதைச் செயற்கையாகச் செய்ய முயன்று முடியாமல் தளத்தில் பதிவானதையே வைத்தார். தேங்காய் உடைகிற மாதிரி என்று ஜனங்கள் சொல்வார்கள். தேங்காய் மாதிரி இல்லை. ஈரத்துணியைத் துவைகல்லில் ஒரே ஒரு தடவை அறைந்த மாதிரி. நான் பரண்மேல் இருந்தேன், கேமராவுக்குத் தெரியாத கிணற்றின் அடி எனக்குத் தெரிந்தது. ரத்தம் அதிகம் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, துண்டறிக்கையில்கூட 'ரத்த வெள்ளத்தில்' என்றுதான் அடித்தேன், நான் 'ரத்த' என்று சொல்லி முடிக்குமுன் அச்சுக்கோப்பவர் கேட்காமலே 'வெள்ளத்தில்' என்று எடுத்து அடுக்கிவிட்டார். ஒரு காதிலிருந்து நூல் மாதிரி வந்தது. ஒரு கால் மட்டும் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி அசைந்துகொண்டே இருந்தது. அவ்வளவுதான். இன்றைக்கு இவர்கள் அதைக் காட்டப்போகிறார்கள். கம்ப்யூட்டரில் செய்திருக்கிறார்களாம், மண்டை பிளந்து, மூளை தெறித்து, மெதுவாக, மிக மெதுவாக, கேமரா அவளோடு கூடவே விழுமாம். வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். பயமா? எதற்குப் பயம், நிஜத்தைப் பார்த்தவனுக்குப் பொய்யிடம் என்ன பயம்? ஆனால் பயமாகத்தான் இருக்கிறது. அவர்கள் காட்டியதைப் பார்த்துவிட்டால் நான் பார்த்தது போய்விடுமோ என்று. அந்தக் கறுத்த ரத்தத்தின்மேல் சாயத்தை ஊற்றினானே, அப்படி என் மண்டைக்குள் ஊற்றிவிடுவார்கள், நாளைக்கு நான் கண்ணை மூடினால் அந்த நூல் வராது, அந்தக் கால் வராது, இவர்களுடைய மூளைதான் தெறிக்கும். இந்த இயக்குநரைத் தூக்கி அந்தக் கிணற்றில் போட வேண்டும். முதலில் தலையைப் பிடித்து விளிம்பில் மோத வேண்டும், பல் உதிர, தாவூத்துக்கு உதிர்ந்தது போல. பிறகு பெட்டியெல்லாம் இருக்கிறது தம்பி என்று சொல்லித் தள்ள வேண்டும். தள்ளிவிட்டு மேலேயிருந்து லைட் பிடிக்க வேண்டும். நல்ல லைட். இப்படி நினைக்க நினைக்க உடம்பு சூடாகிறது, சுகமாகக்கூட இருக்கிறது, நினைத்து நினைத்தே இத்தனை வருஷம் சோறு செரித்தது எனக்கு.

திரையில் புகையிலை எச்சரிக்கை விளம்பரம் ஓடுகிறது, அறுத்த கன்னம், ஓட்டை விழுந்த தொண்டை. பின்வரிசையில் ஒருவன், "படம் ஆரம்பிச்சிருச்சுடா!" என்கிறான், சிரிப்பு. "சீக்கிரம் அடிச்சுக் கொல்லுங்கடா" என்கிறான் இன்னொருவன். சந்திரமதி என் பக்கம் சாய்ந்து, "வெத்தல இல்லாம வாய் நமநமங்குது. அந்தக் காவக்காரனுக்கு அதப் போட்டு நாக்கு வெந்துபோவ" என்கிறாள். பிறகு, "லைட்டு, பேரு வந்துட்டா இன்னா பண்ணுவே?" என்று கேட்கிறாள். வந்துவிட்டால்? வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பைக்குள் இருக்கிறது. வந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். போய்? காலையில் பல் தேய்க்கும்போது என்ன சொல்வது? வராமல் போகட்டும் என்று ஒரு எண்ணம் நாய் மாதிரி உள்ளே நுழைந்து காலடியில் படுத்துக்கொள்கிறது, அதை உதைக்கிறேன், போகவில்லை. வராவிட்டால் எழுந்து நடப்பேன், படியேறுவேன், கத்தி துணியில் இறங்கும் சத்தம் எனக்குத் தெரியும், சர்ரென்று, வெளிச்சம் என் முதுகில் விழும், அவர்களுடைய பேய் என் சட்டையில் ஓடும், ஆயிரம் பேர் பார்ப்பார்கள். அந்தக் காட்சி எனக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறது. அவள் பெயர் வரும் காட்சி அவ்வளவு தெளிவாக இல்லை, எழுத்து வெள்ளையா மஞ்சளா என்றுகூடத் தெரியவில்லை. இத்தனை வருஷம் யாருக்காகக் கத்தினேன்? அவளுக்காகத்தான். அவளுக்காகத்தான். மறுபடி முள் குத்துகிறது: வெரிஃபை. சங்கத்தில் போய், இந்தப் படத்தில் அன்றைக்கு டூப் யார் என்று கேட்டால், அங்கே இருக்கும் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்? அட்டையைப் பார்ப்பார்கள். அட்டையில் என்ன இருக்கும்? அட்டையில்... தணிக்கைச் சான்றிதழ் வருகிறது, கூட்டம் கத்துகிறது, கம்பெனி முத்திரை வருகிறது, நன்றி வருகிறது, நன்றி, நன்றி, எத்தனை நன்றி, பிறகு சத்தம் எல்லாம் அறுந்து திரை கறுப்பாகிறது.

வெள்ளை எழுத்து. சந்திரமதி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், வாய்விட்டுத்தான் படிப்பாள். அந்த மௌனத்தில் அவள் குரல் மட்டும் கேட்கிறது: "அன்று... படப்பிடிப்பில்... உயிர்நீத்த... டூப் கலைஞர்... செல்வி... சந்... திர... மதி... நினைவுக்கு." முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, "யோவ். நான் எப்பய்யா செத்தேன்?" என்றாள். எனக்கு எதிரி யார் என்று தெரியவில்லை. பிரதீபன் மூன்று வரிசை முன்னால் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, சரிதானே சார் என்பது போலத் தலையசைக்கிறான், கண் கலங்கியிருக்கிறது அந்தப் பிள்ளைக்கு. இவனையா குத்துவது? கிழவன் நினைவைவிட ஏடு சரியாக இருக்கும் என்று நம்பி, அதைப் புரட்டி உண்மையைத் தேடியவனையா? ஆனாலும் எழுந்துவிட்டேன், கத்தி கையில் வந்துவிட்டது, துண்டறிக்கைகள் காலடியில் கொட்டுகின்றன, திரையைக் கிழிப்பதென்றால் கிழிப்பதுதான், இப்போதே, சந்திரமதி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து ஒரே இழுப்பில் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தாள். குதிரையை அடக்கிய கை. "உக்காரு. இது ஒன்னோட சண்ட இல்ல" என்றாள். எழுந்து நின்றாள். படம் ஓடத் தொடங்கிவிட்டது, ஏதோ காடு, ஏதோ கோடாலி, அவள் நிழல் திரையின் அடியில் கறுப்பாக முளைக்கிறது. "ஏய் கெழவி, உக்காரு!" "ஆயா, பாத்ரூம் அந்தப் பக்கம்!" "படத்துல வர்ற பேயி முன்னாடியே வந்திருச்சுடா!" ஒருவன் பாப்கார்ன் டப்பாவை எறிந்தான், அவள் தோளில் பட்டது. அவள் இடைகழிக்கு வந்து, நடந்து, திரைக்கு முன்னால் போய்க் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். கோடாலி அவள் முகத்தின்மேல் வெட்டிக்கொண்டிருந்தது, சிவப்பு அவள் நல்ல சேலையில் ஓடியது.

"அதுல போட்டிருந்த சந்திரமதி நான்தாண்டா!" என்று கத்தினாள். "உசுரோட நிக்கிறேன், பாருங்கடா!" சத்தம் கொஞ்சம் இறங்கியது. "இன்னாடா சொல்லுது அது?" என்றான் என் பின்னால் இருந்தவன். "ஏய் இரு, இரு, கேளு." ஒருவன் செல்போன் விளக்கை அவள்மேல் அடித்தான், பிறகு இன்னொருவன், பிறகு வரிசை வரிசையாக, நாயகன் வரும்போது அடிப்பதற்கு வைத்திருந்த வெளிச்சம் எல்லாம் அவள்மேல் திரும்பியது. இதில் ஒன்றுகூட என் லைட் இல்லை. "படத்த நிறுத்துங்கடா!" என்று யாரோ மேலே பார்த்துக் கத்த, ஆபரேட்டர் நிறுத்தினான். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "அன்னிக்கு எனக்கு நெறமாசம். என் அட்டைய வாங்கினு எனக்குப் பதிலா அவ போனா. பூசணிக்கா ஒடச்சப்புறம் குதிக்கச் சொன்னானுங்க. குதிச்சா. செத்தா. நான்தான் வேல செஞ்சேன்னு சங்கத்துக்காரனுங்க கையெழுத்து வாங்கினானுங்க, போட்டேன். பொய்யி. இந்த அட்டைலதான் இன்னிக்கும் பென்ஷன் வருது, நாளைக்கு நிறுத்துவானுங்க. நிறுத்தட்டும்." பிரதீபன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். கத்தி என் மடியில் இருக்கிறது, அதை எடுக்கவும் தோன்றவில்லை, ஒளிக்கவும் தோன்றவில்லை. நான் சொல்ல வேண்டியது அது, நாற்பத்தைந்து வருஷம் வாயில் வைத்திருந்தது, அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கிடாயின் ரத்தத்தில் சாயம் ஊற்றியவனைப் போலவே ஒரு குரல், ஒருவேளை அவனேதானோ, பால்கனியிலிருந்து கேட்டது: "அந்தம்மா பேரு இன்னா ஆயா? சத்தமா சொல்லு!"

சந்திரமதி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"ஊரு ஆம்பூரு. அப்பன் பேரு சவரிமுத்து. அவ பேரு இருதயமேரி."